பன்னீர்த் தண்ணீருக்கு ஒரு நொதிப் பாய்: லாக்டேஸை நானோ இழைக்குள் நிறுத்திய அனுபவம்

பாலைத் திரித்து ஒரு கிலோ பன்னீர் போட்டால் நாலைந்து லிட்டர் தண்ணீர் மிஞ்சும். லேசாகப் பச்சை கலந்த மஞ்சளில், கொஞ்சம் புளிப்போடு இருக்கும் அந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 45 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கரைந்திருக்கிறது. சாக்கடையில் விட்டால் அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சரி, சுண்டவைத்துப் பாகாக்கலாம் என்றால் லாக்டோஸ் சீனியில் பாதிகூட இனிக்காது. ஆறியதும் மணல் மணலாகப் படிகம் கட்டும். அதையே குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிட்டால் இனிப்பும் கூடும், பாகும் பாகாகவே நிற்கும். உடைக்கிற வேலையைச் செய்யும் நொதிக்கு லாக்டேஸ் என்று பெயர்.

நொதித் தூளை நேராகத் தண்ணீரில் கலக்கிவிட்டால் வேலை நடக்கும். ஆனால் ஒரு முறை கலந்த நொதி கலந்ததுதான், திரும்ப எடுக்க வழியில்லை. அதனால்தான் நொதியை ஏதாவது ஒரு திடப்பொருளில் நிறுத்திவைத்து, நீரை மட்டும் அதன் மேல் ஓடவிடும் முறை வந்தது. இது பழைய யோசனை. 1916-இல் நெல்சன், கிரிஃபின் என்ற இருவர், சர்க்கரையை உடைக்கும் இன்வர்ட்டேஸ் நொதி கரித்தூளில் ஒட்டிக்கொண்ட பிறகும் வேலை செய்வதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1969-இல் ஜப்பானின் தனபே செய்யாக்கு நிறுவனம் அமினோ அமிலத் தயாரிப்புக்கு இதைத் தொழிற்சாலை அளவில் ஓட்டியது. என் வேலைக்கு நெருங்கிய முன்னோடி இத்தாலியில் இருக்கிறது. 1970-களில் ஸ்னாம்ப்ரோஜெட்டி நிறுவனம் ஈஸ்ட் லாக்டேஸைச் செல்லுலோஸ் டிரைஅசிட்டேட் இழைகளுக்குள் அடைத்துக் கொடுக்க, மிலான் நகரப் பால் நிலையத்தில் அதை வைத்து லாக்டோஸ் நீக்கிய பால் தயாரித்தார்கள். ஆக, நொதியை இழைக்குள் வைப்பது ஐம்பது வருடச் சங்கதி. நான் செய்தது அதையே மிக மெல்லிய இழையில், ஒரு கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் செய்து பார்த்தது.

மெல்லியது என்றால் எவ்வளவு மெல்லியது? எனக்குக் கிடைத்த இழைகளின் குறுக்களவு 250 நானோமீட்டர் அளவில் இருந்தது. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் பாலிமரை இந்த மெல்லிசில் நூற்றால் 15,000 கிலோமீட்டருக்கு மேல் நீளம் வரும். பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர்தான். அந்த ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது ஊடுருவும் நேரம். நொதியை அடைக்க வழக்கமாகப் பயன்படுத்தும் 2 மில்லிமீட்டர் ஆல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) உருண்டையின் நடுப்பகுதிக்கு ஒரு சர்க்கரை மூலக்கூறு போய்ச்சேர அரை மணி நேரம் ஆகும். நடுவில் இருக்கும் நொதி பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். 250 நானோமீட்டர் இழையிலோ மையத்தைத் தொடச் சில மில்லிசெகண்டு போதும்.

முதலில் எந்த லாக்டேஸ் என்று முடிவு செய்ய வேண்டும். பாலுக்கு ஏற்றது க்ளுய்வெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்ட்டிலிருந்து வருவது. அது கிட்டத்தட்ட நடுநிலை பிஎச்சில் நன்றாக வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் செல்லப்பிள்ளை, சீக்கிரம் கெட்டுவிடும். அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையிலிருந்து வருவது 4.5 முதல் 5 வரையிலான பிஎச்சில் சிறப்பாக ஓடும், 50 டிகிரிச் சூட்டையும் தாங்கும். எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்த பன்னீரின் தண்ணீர் புளிப்பாக இருப்பதால் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். செரிமானத்துக்கு விற்கும் மாத்திரைகளில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். விலையும் கட்டுபடியாகும்.

கடையில் வாங்கும் தூளில் நொதியோடு மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பிகளும் உப்பும் கலந்திருக்கும். உப்பு இழை இழுப்பதைக் கெடுக்கும், டெக்ஸ்ட்ரின் பின்னால் அளவைக் கெடுக்கும். அதனால் தூளைக் கரைத்து, டயாலிசிஸ் பையில் ஊற்றி, குளிர்பெட்டியில் 10 மில்லிமோலார் அசிட்டேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) இரவு முழுக்க மிதக்கவிட்டேன். ஆனால் டயாலிசிஸ் பையின் துளை வழியாகச் சின்ன மூலக்கூறுகள்தான் போகும்; நீளமான டெக்ஸ்ட்ரின் துண்டுகள் உள்ளேயே தங்கும். அதோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான். பிறகு மையவிலக்கு வடிகட்டியில் போட்டுச் செறிவாக்கினேன்.

பாலிமர் பாலிவினைல் ஆல்கஹால். ஆய்வகத்தில் எல்லாரும் பிவிஏ என்பார்கள். நீரில் கரையும், நொதிக்குக் கெடுதல் செய்யாது, நூற்கவும் எளிது. நைலான், பாலிஸ்டைரீன் போன்றவற்றுக்குக் கடுமையான கரைப்பான்கள் வேண்டும். அதில் நொதியைக் கலந்தால் நூற்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும். பிவிஏவில் 88 சதவீதம் நீராற்பகுத்தது (அதாவது அசிட்டேட் கிளைகளில் அவ்வளவு நீக்கியது), 99 சதவீதம் நீராற்பகுத்தது என்று இரண்டு ரகம் பரவலாகக் கிடைக்கும். 88 ரகம் சொன்னபடி கேட்கும், அழகாக நூலாகும். ஆனால் ஆறிய தண்ணீரிலேயே கரைந்துவிடும். 99 ரகத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். கரைக்க 90 டிகிரி வேண்டும், கரைத்த பிறகும் மேற்பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் இழை சரியாக இழுபடாது. அதற்கு ட்ரைட்டான் எக்ஸ்-100 சோப்பை அரை சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தால் போதும். நான் 99 ரகத்தை எடுத்ததற்குக் காரணம் பின்னால் வருகிறது.

10 கிராம் கரைசலில் 1 கிராம் பிவிஏ. மூடிய பாட்டிலில், 90 டிகிரியில், காந்தக் கலக்கியில் இரண்டு மூன்று மணி நேரம். திறந்து வைத்தால் மேலே ஆடை கட்டும், அந்த ஆடை ஊசியில் போய் அடைக்கும். அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் நொதியைச் சேர்க்க வேண்டும். புரதத்தின் எடை பிவிஏவின் எடையில் 5 சதவீதம். கலக்கும்போது நுரை வரும். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடங்கிவிடும்.

நூற்கும் கருவி பெரிய மாயம் இல்லை. சிரிஞ்ச் பம்ப், முனை மழுங்கிய 22 கேஜ் ஊசி, உயர் மின்னழுத்த சப்ளை, எதிரே அலுமினியத் தாள் சுற்றிய தட்டு. மின்னழுத்தத்தால் கரைசலை இழையாக இழுக்கும் இந்த முறைக்கு மின்னூற்பு (எலெக்ட்ரோஸ்பின்னிங்) என்று பெயர்; ஆண்டன் ஃபோர்மால்ஸ் 1934-இலேயே காப்புரிமை வாங்கிய முறை இது. 1990-களில் அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் டாரெல் ரெனெக்கரின் குழு கையில் எடுத்த பிறகுதான் உலகமெங்கும் ஆய்வகங்களுக்குப் பரவியது. என் அமைப்பு: 18 கிலோவோல்ட், ஊசிக்கும் தட்டுக்கும் 12 சென்டிமீட்டர், கரைசல் மணிக்கு அரை மில்லிலிட்டர். கணக்குப்படி மணிக்கு 50 மில்லிகிராம் பிவிஏ. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாய் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும்போது பார்ப்பதற்கு ஒன்று உண்டு. ஊசிக்குப் பின்னால் கருப்புத் தாளை ஒட்டிவிட்டு, பக்கவாட்டிலிருந்து எல்இடி டார்ச் அடியுங்கள். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, தொங்கிக்கொண்டிருக்கும் சொட்டு முதலில் துடிக்கும், அப்புறம் முன்பக்கம் கூர்ந்து கூம்பாகும். இதற்கு டெய்லர் கூம்பு என்று பெயர்; ஜி. ஐ. டெய்லர் 1964-இல் இதன் கணக்கைப் போட்டார். கூம்பின் நுனியிலிருந்து முடியைவிட மெல்லிய ஒரு கோடு நேராகக் கிளம்பி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போகும். அதற்குப் பிறகு கோடு காணாமல் போய், வெறும் புகை மாதிரி ஏதோ விரியும். உண்மையில் அங்கே இழை ஒன்றுதான்; அது மிக வேகமாகச் சுழன்று சாட்டையாக வீசப்படுவதால் கண்ணுக்குப் புகையாகத் தெரிகிறது. இழை மெல்லிசாவது அந்தச் சுழற்சியில்தான். கூம்பு ஒரே வடிவத்தில் நின்றால் நல்ல பாய் வரும். துடித்தால் இழையில் மணி மணியாக முடிச்சு விழும். சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அது தெரிந்துவிடும், இழையின் தடிமனை அளக்க மட்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சப்ளையை அணைத்த பிறகும் ஊசியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எர்த் கம்பியை ஒரு நீளமான பிளாஸ்டிக் குச்சியில் கட்டி வைத்துக்கொண்டு, அதால் ஊசியைத் தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நுனியில் காய்ந்த ஆடையைத் துடைப்பதற்கும் இதே ஒழுங்கு.

மழைக்காலத்தில்தான் இந்தக் கருவி குணத்தைக் காட்டியது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகும். கரைப்பான் தண்ணீர் என்பதால், அந்த 12 சென்டிமீட்டர் பயணத்துக்குள் இழை காய்ந்தாக வேண்டும். காயாமல் தட்டில் விழுந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பாய்க்குப் பதில் கண்ணாடித்தாள் கிடைக்கும். ஆய்வக உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “மழை பெய்யுறப்போ வடகம் காயப்போட்ட கதையா இருக்கே தம்பி, ஏசியைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க” என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் ஏசி காற்று நேராக அடித்தால் இழை பக்கவாட்டில் பறக்கும். கடைசியில் கருவியைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி ஒன்று செய்து, உள்ளே சிலிக்கா ஜெல் தட்டுகளை வைத்தோம். ஈரப்பதம் 45 சதவீதத்தைச் சுற்றி நின்றது. அதன்பின் வானிலையைப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம், நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியது. அலுமினியத் தாளில் நேராக விழுந்த பாயை உரித்தால் கிழியும். தாளின் மேல் பாலிப்ரொப்பிலீன் நெய்யாத் துணியை (முகக்கவசத்தின் வெளி அடுக்கில் இருக்குமே, அதுதான்) விரித்து அதன்மேல் நூற்றால், துணியும் பாயும் ஒன்றாக வந்துவிடும். ஈரத்தில் பாய் தனியாக நிற்காது, துணி தாங்கிக்கொள்ளும்.

இதுவரை வந்தது எளிதான பாதி. வெள்ளை வெளேரென்று, தொட்டால் பட்டுத் துணி போன்ற பாயை எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்படலாம். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சொட்டு விழுந்த இடம் சுருங்கி, கண்ணாடி போலாகி, ஓட்டை விழும். பிவிஏ நீரில் கரையும் பாலிமர். நானோ இழையாக்கிய பிறகு இன்னும் வேகமாகக் கரையும். அதைக் கரையாமல் ஆக்க வேண்டும், உள்ளே இருக்கும் நொதியும் உயிரோடு இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அளக்கும் முறை. லாக்டோஸுக்குப் பதிலாக ஓஎன்பிஜி என்ற போலிச் சர்க்கரையை நொதிக்குக் கொடுப்பார்கள். நொதி அதை உடைத்தால் ஆர்த்தோ நைட்ரோபீனால் வெளிவரும். அது கார நிலையில் நல்ல மஞ்சள், அமில நிலையில் நிறமே தெரியாது. என் நொதி வேலை செய்வது 4.5 பிஎச்சில். அதனால் பத்து நிமிடம் வினை நடந்தாலும் சோதனைக்குழாய் வெறும் தண்ணீர் போலவே இருக்கும். சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றிய கணம் குழாய் சட்டென்று மஞ்சளாகும். கார்பனேட் வினையையும் நிறுத்திவிடும். 420 நானோமீட்டரில் நிறமானியில் வைத்து அளக்க வேண்டியதுதான். புரதத்தோடு ஒரு சாயம் சேர்ந்து நிறம் மாறுவதை வைத்து அளக்கும் பிராட்ஃபோர்ட் முறையில் புரத அளவைப் பார்க்கலாமே என்று ஆய்வக மேடம் கேட்டார். ட்ரைட்டான் அந்தச் சாயத்தோடு சேர்ந்து பொய் நிறம் காட்டும் என்பதால், இழைக்குள் போன பிறகு நொதியின் வேலையை மட்டுமே கணக்கில் எடுத்தேன்.

இதை மூன்று இடத்தில் அளக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒன்று, நூற்பதற்கு முன் கரைசலில். இரண்டு, நூற்ற பாயை அப்படியே வெந்நீர் இல்லாமல் பஃபரில் ஊறவைத்துக் கரைத்து. மூன்று, கரையாமல் ஆக்கிய பிறகு. பலர் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் அளந்துவிட்டு, குறைந்ததற்கு உயர் மின்னழுத்தத்தின் மேல் பழி போடுவார்கள். இரண்டாவதை அளந்தால் அந்தப் பழி நிற்காது. கிலோவோல்ட் என்றாலும் ஓடும் மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். 5 சதவீதம், 10 சதவீதம் இழப்பைத் தாண்டி நூற்பதால் எனக்குச் சேதம் வரவில்லை. போனதெல்லாம் மூன்றாவது படியில்.

கரையாமல் ஆக்க எல்லாரும் முதலில் எடுப்பது, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும் குளூட்டரால்டிஹைடின் ஆவி. 25 சதவீதக் கரைசலை டெசிக்கேட்டர் என்ற இறுக மூடும் கலத்தின் அடியில் கிண்ணத்தில் வைத்து, பாயைச் சட்டத்தில் மாட்டி மேலே தொங்கவிட வேண்டும். ஆவி மூச்சுக்குழாயை எரிக்கும், நாள்பட்டால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும். புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே இதைத் திறக்கவே கூடாது. இந்த ஆல்டிஹைடு பிவிஏவின் ஹைட்ராக்சில் (OH) கிளைகளை இணைக்க அமிலம் துணை வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்தால் சில மணி நேரத்தில் பாய் கல் மாதிரி உறுதியாகிவிடும், கொதிநீரில்கூடக் கரையாது. நொதியும் அதோடு செத்துவிடும். இழைக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தில் அமில ஆவி கரைந்து பிஎச்சை எங்கோ அடிமட்டத்துக்கு இழுத்துவிடுகிறது. அஸ்பர்ஜில்லஸ் லாக்டேஸ் புளிப்பைத் தாங்கும் என்றாலும் இவ்வளவு தாங்காது.

அமிலம் இல்லாமல் ஆவியை மட்டும் காட்டினால்? இரவு முழுக்க வைத்த பாய் கரையவில்லை, ஆனால் கொழகொழவென்று வீங்கியது; நொதியின் வேலையும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இல்லை. ஆல்டிஹைடு நொதியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களைத் தேடிப்பிடித்துக் கட்டுகிறது. கொஞ்சம் கட்டினால் நொதி நிலைத்திருக்கும். அளவு மீறினால் அசைய முடியாமல் போகும். நேரத்தைக் குறைத்தால் நொதி பிழைக்கிறது, பாய் கரைகிறது. கூட்டினால் நேர்மாறு.

மெத்தனால் வழி வேறு மாதிரி. 99 ரக பிவிஏ பாயை மெத்தனாலில் சில மணி நேரம் ஊறவைத்தால் இழைக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் வெளியேறி, மூலக்கூறுகள் நெருங்கிப் படிகமாகிக்கொள்ளும். வேதிப் பிணைப்பு எதுவும் இல்லாமலே பாய் தண்ணீரில் நிற்கும். (99 ரகத்தை எடுத்தது இதற்காகத்தான், 88 ரகத்தில் மிச்சமிருக்கும் அசிட்டேட் கிளைகள் படிகமாவதைத் தடுக்கும்.) நொதிக்கும் மெத்தனாலால் மிதமான சேதம்தான். அளந்தால் பாயின் வேலை நன்றாகவே இருந்தது. ஆனால் கழுவிய தண்ணீரை எடுத்து ஓஎன்பிஜி சேர்த்து கார்பனேட் விட்டால், அது பாயைவிட அடர்த்தியான மஞ்சள். நொதி உள்ளே நிற்கவில்லை, வெளியே நீந்திக்கொண்டிருந்தது. பாய் வேலை செய்வதாகத் தெரிந்ததில் பாதி, கரைந்து வெளியேறிய நொதியின் வேலை.

கழுவிய நீரை அளக்காத எந்த முடிவையும் நான் இப்போது நம்புவதில்லை. இன்னும் கறாரான சோதனை ஒன்று உண்டு. பாயோடு வினையைத் தொடங்கி, பாதியில் பாயைத் தூக்கிவிட்டு, மீதி நீரை மட்டும் அதே சூட்டில் வைத்திருங்கள். பத்து நிமிடம் கழித்து அளக்கும்போது மஞ்சள் கூடியிருந்தால் நொதி கசிகிறது என்று பொருள். கூடாமல் நின்றால் மட்டுமே அது நிறுத்தப்பட்ட நொதி.

இரண்டு தோல்விகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பிவிஏவைக் கரையாமல் வைப்பது ஒரு வேலை. நொதியை வெளியேறாமல் பிடித்து வைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மருந்தின் தலையில் கட்டுவதால்தான் ஒன்று முடியும்போது மற்றது கெடுகிறது. பாலிமரைப் படிகம் தாங்கட்டும். ஆல்டிஹைடு புரதத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அப்படிப் பிரித்துவிட்டால் ஆவி கொஞ்ச நேரம் போதும்.

இதில் மாட்டு சீரம் ஆல்புமின் பெரிய உதவி. பயோசென்சார் செய்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் உத்தி. நொதியின் எடைக்குச் சமமாக இந்தப் புரதத்தையும் கரைசலில் சேர்த்துவிட வேண்டும். அதில் லைசின் ஏராளம். ஆல்டிஹைடின் அடியைப் பெரும்பாலும் அது வாங்கிக்கொள்ளும், நொதியையும் சேர்த்து ஒரு புரத வலையாகப் பின்னிவிடும். லாக்டேஸ் மூலக்கூறு தனியாக இருந்தால் வீங்கிய பிவிஏவின் இடைவெளியில் நழுவிவிடலாம். வலையாகிவிட்டால் நழுவ முடியாது.

கடைசியில் நிலைத்த வரிசை இது: நொதியும் ஆல்புமினும் சேர்த்த 99 ரகப் பாய், அமிலம் இல்லாமல் ஆவியில் இரண்டு மணி நேரம், பாய் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வரும், அது புரதமும் ஆல்டிஹைடும் சேர்ந்ததன் அடையாளம், பிறகு குளிர்ந்த மெத்தனால், காற்றில் உலர்த்தல், அப்புறம் கிளைசின் என்ற சிறிய அமினோ அமிலத்தின் கரைசலில் அரை மணி நேரம். கிளைசினைத் தவிர்க்க வேண்டாம். இழையில் ஒரு கை மட்டும் பிணைந்து மறு கை சும்மா இருக்கும் ஆல்டிஹைடுகள் நிறைய இருக்கும். அவற்றை அடைக்காவிட்டால் பன்னீர்த் தண்ணீரில் வரும் புரதங்கள் எல்லாம் அங்கே வந்து ஒட்டிக்கொண்டு பாயை அடைத்துவிடும். பிறகு பஃபரில் கழுவல், கழுவிய நீர் ஓஎன்பிஜி சோதனையில் மஞ்சளாவது நிற்கும் வரைக்கும்.

இந்த வரிசையில் தொடக்க வேலையில் 40 சதவீதம் அளவுக்குப் பாயில் நின்றது. மீதியில் கொஞ்சம் முதல் கழுவல்களில் போனது, மற்றது ஆவியிலும் மெத்தனாலிலும் போனது. பாயைத் தூக்கும் சோதனையில் மஞ்சள் கூடவில்லை. 40 என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்குக் கசியாத 40, கசிகிற 80-ஐவிட மேல். அதோடு 50 டிகிரியில் மணிக்கணக்காக வைத்தபோது, கரைசலில் இருந்த நொதியைவிடப் பாயில் இருந்தது மெதுவாகத்தான் களைத்தது.

வேலையைக் கூட்டப் பாயைத் தடிமனாக்கலாம் என்று தோன்றும். இரண்டு மணி நேரப் பாய் ஏறக்குறைய 50 மைக்ரோமீட்டர். நான்கு மணி நேரம் நூற்றால் நொதி இரண்டு மடங்கு, வேலை மட்டும் இரண்டு மடங்காகவில்லை. காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. ஒற்றை இழைக்குள் சர்க்கரை மில்லிசெகண்டில் போய்விடும். ஆனால் ஈரத்தில் வீங்கி நெருங்கிய பாயின் உள் அடுக்குக்குப் போய்ச்சேர விநாடிக் கணக்கில் ஆகும். நானோ இழையின் லாபத்தைப் பாயின் தடிமன் தின்றுவிடுகிறது. பாயை நீரில் மிதக்கவிட்டுக் கலக்குவதைவிட, நீரை அதன் ஊடாகத் தள்ளுவதே சரி. 25 மில்லிமீட்டர் சிரிஞ்ச் வடிகட்டிக் கூட்டில் பாயை வட்டமாக வெட்டிப் பொருத்தி, பெரிஸ்டால்டிக் பம்பில் இணைத்தேன். தடிமன் வேண்டுமென்றால் மெல்லிய பாய்களை நெய்யாத் துணியோடு அடுக்கலாம். துணி இடைவெளி கொடுக்கும்.

அப்புறம் உண்மையான பன்னீர்த் தண்ணீர். ஒரு வட்டப் பாயில் 5 மில்லிகிராம் இழை, அதில் கால் மில்லிகிராம் நொதி. ஒரே ஓட்டத்தில் முழு லாக்டோஸும் உடையும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு முறை கடந்து போகும்போது சில சதவீதம்தான் உடையும். 10 மில்லிலிட்டரை 50 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து இரவு முழுக்கச் சுற்றவிட்டால் பாதிக்கு மேல் உடைந்துவிடுகிறது. கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டே போகும், ஏனென்றால் வெளிவரும் கேலக்டோஸே இந்த நொதிக்குத் தடையாக வந்து உட்காரும்.

எவ்வளவு உடைந்தது என்று பார்க்கச் சர்க்கரை நோயாளிகள் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் போதும், ஆனால் இரண்டு நிபந்தனை. முதலாவது, ஸ்ட்ரிப் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகையாக இருக்க வேண்டும். ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற வேறொரு நொதி வகை ஸ்ட்ரிப்புகள் கேலக்டோஸையும் மால்ட்டோஸையும்கூடக் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும்; நம் நீரில் கேலக்டோஸ் சம அளவில் இருக்கிறதே. (டெக்ஸ்ட்ரின் மிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டதும் இதனால்தான்.) இரண்டாவது, நீர்க்க வேண்டும். 45 கிராம் லாக்டோஸ் முழுவதும் உடைந்தால் லிட்டருக்கு 23.7 கிராம் குளுக்கோஸ் வரும், அதாவது டெசிலிட்டருக்கு 2,370 மில்லிகிராம். பெரும்பாலான கருவிகள் 600-இல் கைவிரித்துவிடும். பத்து மடங்கு நீர்த்தால் 237-இல் வரும். ஸ்ட்ரிப் ரத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பாமல், நொதி படாத, அதே போல் நீர்த்த பன்னீர்த் தண்ணீரில் தெரிந்த அளவு குளுக்கோஸைக் கலந்து ஓர் ஒப்பீட்டுக் கோடு வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி உடைத்த நீரை யாரும் ருசி பார்க்க வேண்டாம். குளூட்டரால்டிஹைடு, மெத்தனால், ட்ரைட்டான் மூன்றும் கடந்து வந்த பாய் அது. உணவுக்கு என்றால் சேர்மானங்களையே மாற்ற வேண்டும்.

திரும்பத் திரும்ப ஓட்டும்போது வேலை குறைந்துகொண்டே போனது. நொதி சாகிறதோ என்று பாயைக் கழற்றி, கழுவி, ஓஎன்பிஜியில் பார்த்தால் பழைய வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. குறைந்தது நீரோட்டம். பன்னீர் திரிந்த பிறகும் நீரில் தங்கும் புரதமும், வடிகட்டியில் தப்பிய கொழுப்புத் துளிகளும் பாயின் முகத்தில் மெழுகிவிட்டிருந்தன. இப்போது நீரை முதலில் ஒரு கொதி விட்டு, மேலே திரளும் புரதத்தை வடித்து, ஆறவைத்து, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விட்டுத்தான் பாய்க்கு அனுப்புகிறேன். ஓட்டத்தின் திசையையும் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுகிறேன். பம்பின் அழுத்தம் ஏறத் தொடங்கினால் பாயை வெளியே எடுத்து பஃபரில் அலசினால் போதும். உலர்த்தத் தேவையில்லை, ஈரத்தோடு 4 டிகிரியில் மூடி வைத்தால் அடுத்த ஓட்டத்துக்கு ஆகும்.